கறுப்புக் கத்தியில் ஒரு சக்கரம்

அத்தியாயம் 6

கத்திக்கு மேல்பூச்சு பூசுவதால் பிரயோஜனம் உண்டா, இல்லையா?

காலை எட்டு மணியிலிருந்து இந்த ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டு அரசப்பனுக்கு நாக்கு வறண்டு போயிருந்தது. சாணை பிடிப்பவர், “வேஸ்ட்டு சார், என் கல்லுல ரெண்டு சுத்து சுத்தினா பூச்சு போயிடும்” என்றார். பாத்திரக்கடைக்காரர், “இப்ப ஓடுறதே அதான்” என்றார். ஓட்டல் சமையல்காரர் பதிலே சொல்லாமல் வெங்காயம் நறுக்கினார். சிப்காட்டில் ஒரு கெமிக்கல் இன்ஜினீயர் இருக்கிறாரே, அவர் முக்கால் மணி நேரம் படம் போட்டு விளக்கிவிட்டு, கடைசியில் “டிபெண்ட்ஸ்” என்று முடித்தார். அதைக் கேட்கத்தானா அந்த வெயிலில் போனோம் என்று அரசப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சார், இன்னும் ரெண்டு பேரைக் கேட்டுட்டா அரை டஜன் ஆயிடும். அரை டஜனுக்கு டிஸ்கவுண்ட் உண்டா?” என்றாள் ஜெனிபர், டீ கிளாஸை ஊதிக்கொண்டே.

“வாயை மூடு.”

“வாயை மூடினா டீ எப்டி சார் குடிக்கறது?”

அரசப்பனுக்கு நாற்பத்தாறு வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்துவிட்டு, அதை உதறிவிட்டுப் பொன்னேரியில் மருந்துக்கடை மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தவர். ஜெனிபர் சிப்காட்டில் பேக்கிங் வேலை பார்த்தவள். சூப்பர்வைசரைப் பார்த்து ஒரு வார்த்தை அதிகம் பேசியதில் வேலை போயிற்று. அந்த வாய்க்குத்தான் மூன்று வருஷமாக அரசப்பன் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

விஷயம் இதுதான். போன வெள்ளிக்கிழமை பூவராகவனின் கத்தி கம்பெனியில் ஆயுத பூஜை. எல்லோரும் பொரி பாக்கெட்டோடு வீட்டுக்குப் போன பிறகு, குவாலிட்டி பார்க்கும் குப்புராஜை யாரோ வயிற்றில் குத்திவிட்டார்கள். ஆசிட் செக்‌ஷன் வாசலில் ரத்தத்தில் கிடந்தார். இன்றுவரை சென்னை ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பவில்லை. அந்த செக்‌ஷனில் வேலை செய்யும் ஜெயராஜின் சாமான் பெட்டிக்குள் கத்தி கிடைத்தது. அன்று காலைதான் குப்புராஜும் ஜெயராஜும் சத்தமாகச் சண்டை போட்டிருந்தார்கள். சனிக்கிழமை ஜெயராஜைப் புழல் ஜெயிலுக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

நாளைக்குக் காலை பத்து மணிக்குப் பொன்னேரி கோர்ட்டில் ஜாமீன் மனு. குப்புராஜ் கண்ணை மூடிவிட்டால் அதன் பிறகு இது கொலைக் கேஸ்.

காலை ஏழு மணிக்கு ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த கத்தியை இரண்டே நிமிஷம் காட்டினார். ஒரு சாண் நீளம், கன்னங்கறேலென்று பூச்சு. அலகின் நடுவே மட்டும் பூச்சு அரித்துப்போய் வெளிறிய ஒரு கறை.

“ஆசிட்” என்றார் இன்ஸ்பெக்டர். “ரத்தத்தைக் கழுவ டேங்க்ல முக்கியிருக்கான். கம்பெனி ஓனரே எழுதிக் கொடுத்திருக்கார். இந்தக் கோட்டிங்கை டேங்க் ஆசிட்டைத் தவிர எதுவும் தொட முடியாதாம். ஆசிட் யார் கையில இருக்கு? ஜெயராஜ் கையில. முடிஞ்சுதா?”

“டேங்க்ல முக்கினா கத்தி முழுக்கத்தானே சார் அரிக்கும்? நடுவுல மட்டும் வட்டமா ஏன்?”

“ஆசிட் எப்படி வேணா ஓடும்யா. போ, போ.”

அந்தக் கறையை அரசப்பன் தன் டைரியில் வரைந்து வைத்திருந்தார். ஒரு வட்டம். வட்டத்துக்குள் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் ஒன்பது கோடுகள். ஜெனிபர் அதை எட்டிப் பார்த்தாள்.

“மாட்டு வண்டிச் சக்கரம் மாரி இருக்கு சார். கத்தி மேல வண்டி ஏறிடுச்சோ இன்னாவோ.”

அவர் டைரியைப் பட்டென்று மூடினார்.

*

பூவராகவன் ரொம்பவும் மரியாதையான மனிதர். நெற்றியில் பளிச்சென்று நாமம், வெள்ளைச் சட்டை, வாசல் வரை வந்து அழைத்துப்போகும் பணிவு. இப்படி எதையும் மறைக்காமல் பேசுகிறவர்களைக் கண்டாலே அரசப்பனுக்கு எரிச்சல் வரும். பிடித்துத் தொங்க ஒரு முனைகூடக் கிடைக்காது.

“பூச்சுன்னு சாதாரணமா சொல்லாதீங்க சார்” என்றார் பூவராகவன். “பெயிண்ட் இல்ல இது. காத்தை உறிஞ்சிட்டு, மூடின அறைக்குள்ள வெச்சு ஏத்துற கோட்டிங். எங்க கத்தி எவ்வளவு கெட்டியோ அதைவிட எங்க கோட்டிங் கெட்டி. வெளியில கொடுத்துப் போட்டுக்கிட்டு வர்றோம். நானே என் வேன்ல கொண்டுபோய் நானே கொண்டுவர்றேன், பாத்துக்கங்க. ஜெர்மன் பார்ட்டி இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் நம்மகிட்ட வர்றான்.”

சுவரில் அலங்கார வாள்கள் வரிசையாகத் தொங்கின. வெளிநாட்டுக்காரர்கள் வீட்டு ஹாலில் மாட்டிக்கொள்வதற்காம். பூவராகவன் ஒன்றை உறையிலிருந்து சரக்கென்று உருவி, அரசப்பன் கையில் கொடுத்தார். பாம்புக் கறுப்பு. கனம் தாங்காமல் அரசப்பன் அதை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

“ஒவ்வொரு தபா உருவறப்பவும் உறையில ஒரசாதா சார்?” என்றாள் ஜெனிபர்.

“ஒரசினா என்னம்மா? அதுக்குத்தானே கோட்டிங்.”

வாளின் நீளத்துக்கு இரண்டு வெளிறிய கோடுகள் ஓடின. ஜன்னல் வெளிச்சமாக இருக்கும் என்று நினைத்து அரசப்பன் வாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகுதான் சட்டையைப் பார்த்தார். புத்தம்புது வெள்ளைச் சட்டை. மார்பில் குறுக்காக ஒரு கறுப்புத் தீற்றல். இந்த நாள் விடிந்த லட்சணத்துக்கு இது ஒன்றுதான் பாக்கி.

“குப்புராஜ் அன்னைக்கு சாயந்திரம் உங்க ரூமுக்கு வந்தாரா?”

“இல்லையே சார். காலையில ஜெயராஜோட சண்டை போட்டப்போ பாத்ததுதான். அதுக்கப்புறம் அவன் இந்த ரூம் பக்கமே வரல. எல்லாருக்கும் பொரி கொடுத்து அனுப்பிட்டு, அஞ்சு மணிக்கு நான் கெளம்பிட்டேன்.”

ஜெனிபர் அதற்குள் மூலையிலிருந்த சாமி மாடத்துக்குப் போய்விட்டாள். பெருமாள் படம், வாடிப்போன சாமந்தி, சந்தனப் பொட்டு வைத்த கால்குலேட்டர், ஸ்டேப்ளர். அவற்றின் காலடியில் அறுத்து வைத்த எலுமிச்சம்பழங்கள்.

“சார், இங்க வந்து பாருங்களேன். முதலாளி ரூம்ல எலுமிச்சம்பழம்கூட கறுப்புக் கோட்டிங் போட்டுகினு இருக்குது.”

“ஜெனிபர்!”

பூவராகவன் சிரித்தார். “நாளாச்சு இல்லையா, அழுகுது. எங்க குடும்பத்துல அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பூஜையைக் கலைக்கக் கூடாதும்மா. அப்புறம் மொத்தமா எடுத்து ஆரணி ஆத்துல விட்டுருவேன். சாமிக்கு வெச்சதைக் குப்பையில போடலாமா? பாவம் இல்லையா?”

இப்படிப்பட்ட மனிதரிடம் போய் இவள் வம்பு பேசுகிறாளே என்று அரசப்பனுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. விடைபெறும்போதும் பூவராகவன் உதவியே செய்தார். “ஆரணி கடைத்தெருவுல கறிக்கடை வஹாப் பாய்கிட்ட ரெண்டு வருஷமா நம்ம கத்திதான் இருக்கு. முதல் லாட்ல சாம்பிள் கொடுத்தது. போய்ப் பாருங்க, பூச்சு அப்படியே நிக்கும்.”

ஆசிட் செக்‌ஷன் பின்கட்டில் இருந்தது. கத்திகளை ஆசிட்டில் கழுவி அனுப்புவதும், அவை கறுப்பாகித் திரும்பி வந்தால் துடைத்துப் பெட்டியில் அடுக்குவதும் ஜெயராஜின் வேலை. டேங்க், ரப்பர் கையுறை, மூக்கைத் துளைக்கும் நெடி. தடயம் என்று சொல்ல ஒரு குண்டூசிகூட இல்லை. வாசல்படியில் வலது பக்கம் குங்குமம் தடவிய அரை எலுமிச்சம்பழம் காய்ந்து கிடந்தது. அரசப்பன் அதை மிதிக்காமல் காலை வைத்தார். இடது பக்கம் குங்குமத் தடம் மட்டும்தான் இருந்தது, பழம் இல்லை.

“எலி தூக்கிட்டுப் போயிருக்கும்” என்றார், சும்மா.

“எலுமிச்சம்பழம் துன்ற எலியை நான் பாத்ததே இல்ல சார். ஊறுகா போடவா தூக்கினு போச்சு?”

அரசப்பன் கேட்டை நோக்கி நடந்தார்.

கேட்டுக்கு எதிரே கல்வெர்ட்டு மேல் ஆரோக்கியமேரி உட்கார்ந்திருந்தாள். ஜெயராஜின் மனைவி, கேஸை அவரிடம் கொண்டுவந்தவள். புழலில் கம்பிக்கு அந்தப்புறம் புருஷனைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறாள். மடியில் ஒரு பை. அதில் நாளைக்கு அவன் கோர்ட்டுக்குப் போட்டுக்கொள்ள மடித்த சட்டை.

“சார், விட்ருவாங்களா சார்? அவரு கோழிகூட அறுக்க மாட்டாரு சார். கிறிஸ்மஸுக்கு நான்தான் அறுப்பேன்.”

“பாக்கறேம்மா.”

“இன்னா கேட்டாலும் தெரியலங்கறாரு. காலையில குப்புராஜ் சார் ‘இந்த லாட்டு சரியில்ல’ன்னு கத்தினாராம். ‘நான் துடைக்கிறவன், என்னை ஏன் கேக்கறே’ன்னு இவரும் கத்தினாராம். அவ்ளோதான் சார் சண்டையே.” அவள் கண் அவர் சட்டை மேல் நின்றது. “சார், உங்க சட்டையில கறுப்பு…”

“சட்டை கெடக்கட்டும்மா!” அரசப்பன் கத்தியே விட்டார். “ஒரு மனுஷன் யோசிக்க வேணாமா? கொஞ்சம் பேசாம உக்காரு!”

ஆரோக்கியமேரி வாயை மூடிக்கொண்டாள். ஸ்கூட்டி கிளம்பி நூறு அடி போன பிறகு அரசப்பனுக்கே தன் மேல் வெறுப்பாக இருந்தது. திரும்பிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

*

அப்துல் வஹாபின் கடையில் வியாபாரம் முடிந்து, கட்டையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வஹாப் பாய்க்கு அறுபது வயதிருக்கும். கேள்வியைக் கேட்டதும் உற்சாகமாகிவிட்டார். அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டு உற்சாகமான முதல் ஆள் அவர்தான்.

“கோட்டிங்கா? சொல்றேன், உக்காருங்க. நாஷ்டா ஆச்சா? ஆயிடுச்சா, சரி. கத்தியில வெட்டுறது எது சார்? ஓரம். ஓரத்துல சாணை வெச்ச அன்னிக்கே பூச்சு போச்சு. இந்தா பாருங்க, விளிம்பு வெள்ளையா இருக்கா? அப்ப வெட்டுறதுக்குப் பூச்சால நயா பைசா பிரயோஜனம் இல்ல.”

“அப்ப வேஸ்ட்டா?”

“அவசரப்படாதீங்க. பக்கவாட்டுல பாருங்க. ரெண்டு வருஷமா ரத்தம், தண்ணி, கொழுப்பு. ஒரு பொட்டு துரு இல்ல. கறி ஒட்டாது. அந்த மட்டும் லாபம்தான். ஆனா ஒண்ணு, நல்ல பூச்சா இருக்கணும். பளபளன்னு கறுப்பா இருக்கறதெல்லாம் பூச்சு ஆயிடாது. ஏமாந்துட்டோம்னா அப்பறம் பேஜாரு.”

பேசிக்கொண்டே ஒரு எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்தார். ஒரு பாதியைக் கையில் தேய்த்துக் கவிச்சி போகக் கழுவினார். மற்றப் பாதியைக் கத்தியின் அலகு மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, சொம்பை எடுக்கப் போனார்.

அரசப்பன் பாதிப் பழத்தையே பார்த்தார். கை தானாகக் கட்டையில் கிடந்த முதல் பாதியை எடுத்துத் திருப்பியது. அறுத்த முகம். வட்டம். நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் கோடுகள்.

“ஜெனிபர்! டைரி!”

“உங்க பாக்கெட்லதான் சார் இருக்குது.”

டைரியைப் பிரித்து ஓவியத்துக்குப் பக்கத்தில் பழத்தைப் பிடித்தார். சக்கரம்! மாட்டு வண்டியும் இல்லை, ஆசிட்டும் இல்லை. எலுமிச்சம்பழம். ஆயுத பூஜை அன்று அறுத்து குங்குமம் தடவுவார்களே, அது. யாரோ பாதிப் பழத்தைக் கத்தி மேல் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். அப்படியானால் ஆசிட் டேங்க் கதையே அடிபட்டுப் போகிறது. ஜெயராஜ் வெளியே வந்துவிடுவான்.

“பாய், அந்தக் கத்தியைத் தொடாதீங்க! அப்படியே இருக்கட்டும். கால் மணி நேரம்!”

கால் மணி நேரம் மூன்று பேரும் ஒரு எலுமிச்சம்பழத்தைச் சுற்றி நின்றார்கள். ரோட்டில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அரசப்பன் வாட்சைப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பழத்தைத் தூக்கினார்.

ஒன்றுமில்லை. சாறைத் துடைத்தால் கத்தி கறுகறுவென்று முன்பு இருந்தபடியே இருந்தது.

“இதுக்கா நின்னீங்க?” என்றார் வஹாப் பாய். “ரெண்டு வருஷமா தெனம் எலுமிச்சம்பழம் போட்டுத்தான் சார் கழுவறேன். ஒண்ணும் ஆவாது. அதான் சொன்னேனே, நல்ல பூச்சு.”

அரசப்பன் கறிக்கடை ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். பூவராகவன் சொன்னது அச்சு அசலாக உண்மை. இந்தப் பூச்சை எலுமிச்சம்பழம் தொடாது. காலையிலிருந்து அலைந்து, ஒரே ஒரு துப்பு கிடைத்து, அதுவும் கால் மணி நேரத்தில் கைவிட்டுப் போய்விட்டது. நாளைக்குப் பத்து மணிக்கு அந்த அம்மா சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கோர்ட் வாசலில் நிற்பாள். அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? கண்ணில் நீர் வரும் அளவுக்கு ஆத்திரம் வந்தது.

“சார், கர்ச்சீப் தாங்க” என்றாள் ஜெனிபர். முதல் தடவையாக அவள் குரலில் கிண்டல் இல்லை. கர்ச்சீப்பை வாங்கி அவர் கையில் ஒட்டியிருந்த சாறைத் துடைத்தாள். பிறகு பாயின் கத்தியையும் அழுத்தித் துடைத்துக் கொடுத்தாள். “பாய், உங்க கத்தி சுத்தம்னா சுத்தம். கர்ச்சீப் வெள்ளையாவே கீது. அந்தக் கம்பெனி வாளு சார் சட்டையையே…”

அவள் நிறுத்திவிட்டாள். அரசப்பனும் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

கத்தியைவிடக் கெட்டியான பூச்சு. ஆசிட்டைத் தவிர எதுவும் தொட முடியாத பூச்சு. அது எப்படி ஒரு பருத்திச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்தது?

“ஒரே கம்பெனி” என்றார் மெதுவாக. “ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பாய்க்குக் கொடுத்தது அசல். இப்ப போடறது டூப்ளிகேட். டப்பாவுல விக்கற கறுப்பு மருந்துல முக்கியெடுத்து எண்ணெய் தடவறான். உறையில உரசினா கோடு விழுது, சட்டையில ஒட்டுது, எலுமிச்சம்பழம் பட்டா அரிக்குது. ஜெர்மன்காரனுக்குத் தெரிஞ்சா கம்பெனிக்குப் பூட்டுதான்.”

“குப்புராஜ் குவாலிட்டி பாக்கறவரு.”

“அன்னைக்குக் காலையிலயே ‘லாட்டு சரியில்ல’ன்னு கத்தினவரு. சாயந்திரம் பூஜையில பழம் பட்டு நிரூபணமே கிடைச்சிருக்கு.” அரசப்பன் எழுந்துவிட்டார். “இதை யார்கிட்ட கொண்டுபோய்க் காட்டியிருப்பாரு?”

“முதலாளிகிட்டதான். ஆனா அவரு ரூமுக்கே வரலன்னு சொன்னாரே சார்?”

“சொன்னாரு. அது பொய்னு எப்படி நிரூபிக்கறது?”

ஜெனிபர் ஸ்கூட்டி சாவியைச் சுழற்றினாள். “அன்னிக்கு அங்க இருந்தது ரெண்டே பேரு. ஒருத்தரு மயக்கத்துல இருக்காரு, இன்னொருத்தரு பொய் சொல்றாரு. பாக்கி அந்த எலுமிச்சம்பழம்தான் சார் பேசணும்.”

அரசப்பன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.

“காலையில சாமி மாடத்துல நின்னுக்கிட்டு ஒரு ஜோக் அடிச்சியே, அதைத் திரும்பச் சொல்லு.”

அவள் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அவள் குரலே இறங்கிப்போயிற்று. அரசப்பன் செல்போனை எடுத்து இன்ஸ்பெக்டர் நம்பரை அழுத்தினார்.

*

நாலு மணிக்குப் பூவராகவனின் அறையில் இன்ஸ்பெக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த புதுக் கத்தி. அதன் மேல் வஹாப் பாய் கடைப் பழம் கவிழ்ந்து கிடந்தது.

“கால் மணி நேரம் ஆச்சு” என்று அரசப்பன் பழத்தை எடுத்தார்.

கறுப்பின் நடுவே வெளிறிய சக்கரம். இன்ஸ்பெக்டர் தன் பிளாஸ்டிக் உறையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகச் சுளிப்பு போய்விட்டது.

பூவராகவன் தலையில் கை வைத்துக்கொண்டார். “மோசம் போயிட்டேன் சார்! கோட்டிங் போடறவன் என்னை ஏமாத்திட்டான். நம்பி எழுதிக் கொடுத்தேனே! ஜெயராஜ் மேல தப்பில்லன்னா முதல்ல சந்தோஷப்படறவன் நான்தான்.”

அரசப்பனுக்கு மறுபடி எரிச்சல் மண்டியது. இந்த ஆள் வழுக்கிக்கொண்டே போகிறானே!

“குப்புராஜ் அன்னைக்கு சாயந்திரம் இதை உங்ககிட்ட சொல்ல வரலையா?”

“சத்தியமா வரல சார். இந்த ரூம் வாசப்படியை மிதிக்கல. பெருமாள் சாட்சி.”

“பெருமாளையே கேட்டுருவோம். ஜெனிபர், அங்க எத்தனை பாதி இருக்கு?”

ஜெனிபர் மாடத்தின் முன் நின்று எண்ணினாள். “மூணு சார்.”

“அறுத்த பழம் ஜோடியாத்தானே இருக்கும்? மூணாவது பாதி எங்கிருந்து வந்துச்சு?”

பூவராகவன் மாடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“ரெண்டு பாதி சிவப்பா, குங்குமத்தோட காஞ்சு கெடக்குது” என்றாள் ஜெனிபர். “மூணாவது, கறுப்பு. மத்ததும் அதே நாள் அறுத்ததுதான் சார். அதெல்லாம் கறுக்கல, இது மட்டும் கறுத்துகீது. கத்தியில இருந்த கறுப்பைத் துன்னு வெச்சிருக்குது.”

“சுளையை எண்ணு.”

“ஒம்போது.”

அரசப்பன் டைரியை இன்ஸ்பெக்டர் முன் விரித்து வைத்தார். ஒன்பது கோடுகள். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். ஆசிட் செக்‌ஷன் வாசலில் தனியாகக் கிடந்த பாதி.

“இதுலயும் ஒன்பது. இப்ப நாம வெச்ச பழத்துல பத்து. வேணும்னா எண்ணிக்கங்க. செக்‌ஷன் வாசல்ல இருந்து ஒரு பாதியையும் கத்தியையும் எடுத்துக்கிட்டு குப்புராஜ் இங்க வந்தாரு. இதே மேஜையில, உங்க முன்னால வெச்சுக் காட்டினாரு. ஜெர்மன்காரனுக்குச் சொல்லிருவேன்னாரு. வேற கத்திங்களையும் எடுத்துட்டு வர செக்‌ஷனுக்குத் திரும்பினாரு. நீங்க இந்தக் கத்தியோட பின்னாலயே போனீங்க. எல்லாத்தையும் துடைச்சீங்க. கத்தியை ஜெயராஜ் பெட்டியில போட்டீங்க. திரும்பி வந்து பாத்தா மேஜையில அரைப் பழம் கெடக்குது.”

“அதைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில போட்டிருந்தா முடிஞ்சுது கதை” என்றார் இன்ஸ்பெக்டர், தன்னையறியாமல்.

“போட மனசு வரல சார் அவருக்கு. சாமிக்கு வெச்ச பழம். மனுஷனைக் குத்தின கையாலயே அதை எடுத்து மாடத்துல வெச்சாரு. நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஆத்துல விட்டிருப்பாரு.”

பூவராகவன் நாற்காலியில் சரிந்து, மாடத்தைப் பார்த்துக் கும்பிட்டபடி அழ ஆரம்பித்தார். “நூத்தி இருபது குடும்பம் சார்… ஒரு லாட்தான்னு நெனச்சேன்… அவன் கேக்கவே மாட்டேனுட்டான்…”

இன்ஸ்பெக்டர் எழுந்து கதவைச் சாத்தினார்.

*

கேட்டுக்கு வெளியே ஆரோக்கியமேரி அதே கல்வெர்ட்டில் அதே பையோடு உட்கார்ந்திருந்தாள். வெயில் அவள் பக்கம் திரும்பியிருந்தும் இடம் மாறவில்லை. உட்காரச் சொன்னவர் அரசப்பன் அல்லவா.

“நாளைக்கு வந்துருவாரும்மா” என்றார் அரசப்பன். “இன்ஸ்பெக்டரே கோர்ட்ல சொல்லிடறேன்னாரு.”

அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். ஜெனிபர் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டதும் ஆரோக்கியமேரியின் கண் மறுபடி அவர் சட்டைக்குப் போனது. பயந்துகொண்டே சொன்னாள்.

“சார், கோச்சுக்காதீங்க. அந்தக் கறுப்பு சோப்புக்குப் போவாது. எலுமிச்சம்பழம் வெச்சு தேயுங்க, போயிடும்.”

அரசப்பன் சட்டையைக் கையால் இழுத்துப் பார்த்தார்.

“உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“ஒரு வருசமா அவரு சட்டையெல்லாம் இப்டித்தான் சார் வருது. முன்னாடியெல்லாம் இல்ல. அந்தக் கத்தியைத் துடைக்கறாரு இல்ல, அந்தக் கறுப்பு. தெனமும் எலுமிச்சம்பழம் போட்டுத்தான் தொவைப்பேன்.” பையிலிருந்து மடித்த சட்டையை எடுத்துக் காட்டினாள். “பாருங்க, எப்டி வெளுத்துகீதுன்னு.”

சாணை பிடிப்பவர், பாத்திரக்கடை, ஓட்டல், இன்ஜினீயர், முதலாளி, கறிக்கடை. ஒரு நாள் பூராவும் வெயிலில் அலைந்து கேட்ட கேள்விக்குப் பதில், மடித்து இந்தப் பைக்குள் இருந்திருக்கிறது.

“இதைக் காலையிலயே ஏம்மா சொல்லல?”

“சொல்லத்தான் சார் வந்தேன்” என்றாள் ஆரோக்கியமேரி. “நீங்கதான் பேசாம உக்காருன்னீங்க.”